கையெழுத்து எங்கோ, விளக்கு இங்கே

ஹட் பேயில் விளக்கு எரிய வேண்டுமானால் கடலில் கப்பல் ஓட வேண்டும். லிட்டில் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வெளியிலிருந்து மின்கம்பி கிடையாது. 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் கடல். அந்தமான் நிக்கோபாரில் மக்கள் வாழும் தீவுகளில் பெரும்பாலானவை தனித்தனி மின் உலகங்கள். தீவுக்குத் தீவு டீசல் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருக்கின்றன. சூரிய சக்தி வந்திருக்கிறது என்றாலும் பெரும் பாரம் இன்னும் டீசலின் தலையில்தான். அந்த டீசல் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஆகும் செலவில் ஒரு பகுதியைத்தான் தீவுவாசி கட்டணமாகத் தருகிறார். மிச்சத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சூழலில்தான் 2025 செப்டம்பரில் அந்தமான் கடலிலிருந்து ஒரு செய்தி வந்தது. தீவுகளின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில், 295 மீட்டர் ஆழக் கடலில், ஆயில் இந்தியா நிறுவனம் தோண்டிய 'ஸ்ரீ விஜயபுரம்-2' கிணற்றில் இயற்கை எரிவாயு இருப்பது தெரிந்தது. மாதிரியைக் கப்பலில் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதில் 87 சதவீதம் மீத்தேன். பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி இதைப் பெருமிதத்துடன் அறிவித்தார். வாயு எவ்வளவு இருக்கிறது, எடுத்தால் கட்டுபடியாகுமா என்பதெல்லாம் அடுத்தடுத்த சோதனைகளில்தான் தெரியவேண்டும். ஆனால் டீசலுக்காகக் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் தீவுகளின் காலடியிலேயே வாயு இருக்கிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

இந்தக் கடலில் அதிர்ஷ்டத்தைத் தேடி வந்தவர்களில் ஆயில் இந்தியா முதலாவது அல்ல. ரஷ்யாவின் காஸ்ப்ரோம் 2000-ல் இந்தியாவின் கெயில் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து வங்கக் கடலில் ஒரு பகுதியை எடுத்தது. இத்தாலியின் 'எனி' நிறுவனம் 2005-ல் ஓ.என்.ஜி.சி., கெயில் ஆகியவற்றுடன் சேர்ந்து அந்தமான் ஆழ்கடலில் ஒரு பகுதியைப் பெற்றது. இரண்டிலிருந்தும் வணிக ரீதியில் வாயு கரை சேரவில்லை. வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். ஆனால் இந்த இரு நிறுவனங்களுக்கும் இடையே வேறோர் உறவு இருந்தது. எரிவாயு உலகில் அரை நூற்றாண்டு நிலைத்த உறவு அது. அது வளர்ந்த விதத்திலும் அறுந்த விதத்திலும் ஹட் பேக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கதை எழுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. போரில் நொறுங்கிய இத்தாலிக்கு எரிபொருள் தேடித் தரும் பொறுப்பு என்ரிகோ மத்தேயி என்ற மனிதரிடம் வந்தது. 1953-ல் அவர் தலைமையில் உருவான அரசு நிறுவனம்தான் எனி. உலக எண்ணெயைத் தங்கள் கைக்குள் வைத்திருந்த பெரிய மேலைக் கம்பெனிகளை அவர் மதிக்கவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, 1960-ல் மாஸ்கோவுடன் ஒப்பந்தம் போட்டார். சோவியத் எண்ணெய் வரும், பதிலுக்கு இத்தாலியிலிருந்து இரும்புக் குழாயும் செயற்கை ரப்பரும் போகும். வாஷிங்டன் முகம் சுளித்தது. 1962-ல் மத்தேயி விமான விபத்தில் இறந்தார். அவர் போட்ட பாதை மட்டும் அழியவில்லை. 1969 டிசம்பரில் எனி சோவியத் ஒன்றியத்துடன் 20 ஆண்டு எரிவாயு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1974-ல் ஆஸ்திரியா வழியாக வாயு இத்தாலிக்குள் வந்தது.

ஏன் 20 ஆண்டு? எண்ணெய் என்றால் பீப்பாயில் ஊற்றி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாயுவுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் குழாய் வேண்டும். அல்லது கழித்தல் 160 டிகிரிக்கும் கீழே குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலையும், தனிக் கப்பலும், இறக்கும் முனையமும் வேண்டும். இத்தனையையும் கட்டக் கடன் கொடுக்கும் வங்கி, வாங்குபவர் யார், எத்தனை ஆண்டு வாங்குவார் என்று எழுத்தில் கேட்கும். எனவே விற்பவர் 20 ஆண்டுக்குச் சரக்கு தருவதாகவும், வாங்குபவர் 20 ஆண்டுக்கு எடுத்துக்கொள்வதாகவும் கட்டுப்படுகிறார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறிப்பிட்ட அளவுக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும் என்ற விதியும் அதோடு வரும்.

தஞ்சைப் பக்கத்து விவசாயிக்கு இது புதிதல்ல. குத்தகைக்கும் வாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் வானம் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளக்கவேண்டும். எரிவாயு ஒப்பந்தம் அளவில் குத்தகை, விலையில் கிட்டத்தட்ட வாரம். அளவு மாறாது. விலை மட்டும் கச்சா எண்ணெயோடோ சந்தையோடோ சேர்ந்து ஏறி இறங்கும்.

இத்தாலிக்கு இந்தக் குத்தகை நெடுங்காலம் கட்டுபடியானது. பனிப்போரிலும் வாயு வந்தது. சோவியத் ஒன்றியமே சிதறியபோதும் வந்தது. கருங்கடலுக்கு அடியில் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் துருக்கிக்குப் போகும் 'புளூ ஸ்ட்ரீம்' குழாயை இரு நிறுவனங்களும் சரிபாதியாக அமைத்தன. அது 2003-ல் இயங்கத் தொடங்கியது. 2006 நவம்பரில் ஒப்பந்தங்கள் 2035 வரை நீட்டிக்கப்பட்டன. பதிலுக்கு, இத்தாலியச் சந்தையில் காஸ்ப்ரோம் நேரடியாக விற்க வழிவிடப்பட்டது. ரஷ்ய வாயு வயல்களில் பங்கு கேட்ட எனிக்கும் கதவு திறந்தது. இதற்கு 'மூலோபாயக் கூட்டு' என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே கருங்கடலில் 'சவுத் ஸ்ட்ரீம்' என்ற இன்னொரு பெரிய குழாய்க்குத் திட்டம் போட்டார்கள்.

விரிசல்கள் அப்போதே தெரிந்தன. 2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் நடந்த பணத் தகராறில், நடுவில் இருந்த குழாய் மூடப்பட்டு ஐரோப்பா ஏறத்தாழ இரண்டு வாரம் குளிரில் தவித்தது. அதே ஆண்டுகளில் பொருளாதார மந்தத்தால் வாயுவின் தேவை சரிந்தது. சந்தையில் விலை மலிவாக இருக்க, எனி எடுக்காத வாயுவுக்கும் பணம் கட்டவேண்டி வந்தது. பேச்சுவார்த்தை நடத்தி 2014-ல் விலையைச் சந்தையோடு பிணைக்க காஸ்ப்ரோம் சம்மதித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சவுத் ஸ்ட்ரீம் திட்டத்தை ரஷ்ய அதிபர் புதின் கைவிட்டார். உறவில் உரசல் இருந்தும் வாங்குவது குறையவில்லை. 2021-ல் இத்தாலி இறக்குமதி செய்த வாயுவில் ஏறத்தாழ 40 சதவீதம் ரஷ்யாவுடையது. மலிவாகவும் தடங்கலில்லாமலும் கிடைத்ததால், ஒரே கிணற்றில் அவ்வளவு வாளிகள் தொங்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது கணக்கு புரண்டது. ரூபிளில் பணம் வேண்டும் என்றது மாஸ்கோ. எனி, மே மாதத்தில் காஸ்ப்ரோம்பேங்கில் யூரோவுக்கு ஒன்று, ரூபிளுக்கு ஒன்று என இரண்டு கணக்குகளைத் திறக்க நடவடிக்கை எடுத்தது. பணம் போனபோதும் வாயு குறைந்துகொண்டே வந்தது. இத்தாலியப் பிரதமராக இருந்த மரியோ திராகி அல்ஜீரியா, அங்கோலா, காங்கோ என்று ஆப்பிரிக்கப் பக்கம் திரும்பினார். ரஷ்யா இருந்த முதலிடத்தில் அல்ஜீரியா அமர்ந்தது. திரவ எரிவாயுவை இறக்க மிதக்கும் முனையங்கள் அவசரமாக வாங்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் தேதி உக்ரைன் வழிக் குழாயும் மூடிக்கொண்டது. ரஷ்ய எரிவாயு இறக்குமதியை 2027-க்குள் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் 2025 டிசம்பரில் உடன்பாடு கண்டது. 2035 வரை என்று எழுதிய பத்திரம் காகிதமாகிக்கொண்டிருக்கிறது.

இதில் அதிகம் அடிபட்டது எனியா? இல்லை. விலை ஏறிய 2022-ல் பெரும் எரிபொருள் நிறுவனங்கள் கொழுத்த லாபம் கண்டன, எனியும் அதில் ஒன்று. அடிபட்டவர்களைப் பார்க்க வெனிஸ் அருகே உள்ள முரானோ தீவுக்குப் போகவேண்டும். நூற்றாண்டுகளாகக் கண்ணாடிக் கலைக்குப் பேர்போன தீவு அது. அங்கே உலைகளை இரவும் பகலும் அணையாமல் காக்க வேண்டும், அவற்றுக்கு எரிபொருள் வாயு. விலை பல மடங்கு ஏறியபோது பட்டறைகள் உலைகளை அணைத்தன. ரோமிலும் மாஸ்கோவிலும் போட்ட எந்தக் கையெழுத்திலும் முரானோவின் கண்ணாடிக் கொல்லருக்குப் பங்கில்லை. உலை மட்டும் அவருடையது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழைய மொழி. எரிவாயு உறவுகளுக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. இந்தியாவும் அதைக் காசு கொடுத்துக் கற்றது.

2012-ல் கெயில், காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளை நிறுவனத்துடன் 20 ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திரவ எரிவாயு. சரக்கு வரத் தொடங்கும் முன்பே எண்ணெய்ச் சந்தை தலைகீழாக மாறியதால், 2018 ஜனவரியில் விலை திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 4-ம் தேதி முதல் கப்பல் குஜராத்தின் தஹேஜ் துறையைத் தொட்டது. அமைச்சரே நேரில் வரவேற்றார். ரஷ்யாவோடு எரிசக்திப் பாலம் என்று பேசப்பட்ட அந்த முதல் சரக்கு ஏற்றப்பட்ட இடம் ரஷ்யா அல்ல, நைஜீரியா. திரவ எரிவாயு வியாபாரத்தில் இது தவறும் அல்ல, விற்பவர் எங்கிருந்தாவது வாங்கித் தரலாம். ஆனால் 'ரஷ்ய ஒப்பந்தம்' என்ற சொல்லுக்குள் எத்தனை அடுக்குகள் இருந்தன என்பதற்கு அந்தக் கப்பலே சாட்சி.

நான்கு ஆண்டுகளில் அந்த அடுக்குகள் சரிந்தன. சிங்கப்பூர் நிறுவனத்தின் சொந்தக்காரர் ஜெர்மனியில் இருந்த காஸ்ப்ரோம் ஜெர்மானியா. 2022 ஏப்ரலில் காஸ்ப்ரோம் அதைக் கைகழுவியது. ஜெர்மன் அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு அதற்கு 'செஃபே' என்று புதுப் பெயர் வைத்தது. பதிலுக்கு மாஸ்கோ அந்த நிறுவனத்தின்மீது தடை விதித்தது. ரஷ்ய வாயு நின்றது. இந்தியாவுக்கு வரவேண்டிய கப்பல்களும் நின்றன. இந்தியா ரஷ்யாவோடு சண்டை போடவில்லை, ஜெர்மனியோடும் போடவில்லை. இரு நாடுகளோடும் நல்லுறவு இருந்தது. இருந்தும் கையில் இருந்த 20 ஆண்டுப் பத்திரத்தால் அந்தக் கோடையில் அடுப்பு எரியவில்லை.

அப்போது உடனடிச் சந்தையில் ஒரு கப்பல் வாயுவின் விலை வரலாறு காணாத உயரத்தில் இருந்தது. ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயார். அங்கே போட்டி போட்டு வாங்க இயலாமல், கெயில் உரத் தொழிற்சாலைகளுக்கும் மற்ற ஆலைகளுக்கும் வாயுவை அளந்து கொடுத்தது. யூரியாவின் மூலப்பொருளே எரிவாயு என்பதால் அதன் சுமை கடைசியில் மானியக் கணக்கில் ஏறியது. ஐரோப்பா போட்ட பூட்டின் சாவி இந்திய வயல்வெளியில் தொலைந்ததுபோல் ஆயிற்று.

2023-ல் சரக்கு மீண்டும் வரத் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் கெயில் லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது. வராத சரக்குக்காகக் கேட்டது சுமார் 180 கோடி டாலர். 2025 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. கிடைத்தது 28.5 கோடி டாலர். கேட்டதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வழக்கை இழுத்தடிப்பதைவிட இது புத்திசாலித்தனம் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் சந்தை விலை பல மடங்கு ஏறிய காலத்தில் சரக்கு வராமல் போனதன் முழு நஷ்டத்தை ஈடுகட்டும் பலம் அந்த ஒப்பந்தத்துக்கு இருந்திருந்தால், சமரசத்தின் எண்ணே வேறாக இருந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் இந்தியாவிடமே இருக்கிறது. 1999-ல் பெட்ரோநெட் நிறுவனம் கத்தாரின் ராஸ்கேஸுடன் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 75 லட்சம் டன். 2004-ல் சரக்கு வந்தது. 2015-ல் ஒப்பந்த விலை உடனடிச் சந்தை விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்காக நின்றது. பெட்ரோநெட் குறைவாக எடுத்தது. விதிப்படி கட்டவேண்டிய அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய். அந்த ஆண்டின் கடைசி நாளில் கத்தார் இறங்கி வந்தது. அபராதம் தள்ளுபடி, விலை ஏறத்தாழப் பாதி. பதிலுக்கு இந்தியா ஆண்டுக்கு மேலும் 10 லட்சம் டன் வாங்கச் சம்மதித்தது. 2024 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் 2028-லிருந்து 2048 வரை புதுப்பிக்கப்பட்டது.

கத்தார் ஏன் இறங்கி வந்தது? பாசத்தால் அல்ல. அன்றைய சந்தையில் வாயு மலிந்து கிடந்தது. இந்தியா போன்ற பெரிய வாடிக்கையாளரை இழக்க அதற்கு மனமில்லை. காஸ்ப்ரோம் விவகாரத்தில் மறுபக்கம் இருந்தவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை, வாயுவே கையில் இல்லை. ஒப்பந்தத்தின் ஆயுளைக் காப்பது அதில் எழுதிய ஆண்டுக் கணக்கு அல்ல என்பதை இந்த இரு கதைகளும் சொல்கின்றன. இரு தரப்புக்கும் ஒருவர் இன்றி ஒருவருக்கு நஷ்டம் என்ற நிலை நீடிக்கும்வரை அது வாழும். அந்த நிலை மாறும் நாளில் யார் எவ்வளவு இழப்பது என்பதுதான் உண்மையில் எழுதப்படவேண்டிய விதி. கையெழுத்து விழாக்களில் அந்தப் பக்கத்தை யாரும் உரக்கப் படிப்பதில்லை.

இனி மீண்டும் ஹட் பே. அந்தமான் கடலில் வாயு வணிக அளவில் இருப்பது உறுதியானால் அடுத்த காட்சி எளிதில் ஊகிக்கக்கூடியதே. ஆழ்கடலில் கிணறு தோண்டுவது யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல. வெளிநாட்டுக் கூட்டாளி தேவைப்படுவார். 20 ஆண்டு, 25 ஆண்டு என்று பத்திரம் எழுதப்படும். தீவுகளின் மொத்தத் தேவையே ஒரு பெரிய வயலுக்குச் சுண்டைக்காய். வங்கிக்குத் தெரிந்த கணக்குப்படி வாயு பெருநிலத்தின் ஆலைகளை நோக்கிப் போகும். ஜன்னலுக்கு வெளியே வாயுக் கிணறு, மின் நிலையத்தில் கப்பலில் வந்த டீசல் என்ற விநோதம் நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

நடக்காமல் தடுக்கவும் முன்மாதிரி உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலேயே. காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. கண்டெடுத்த வாயுவைக் கொண்டு குத்தாலத்திலும், திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பாலிலும், ராமநாதபுரம் பக்கத்து வழுதூரிலும் மாநில மின்வாரியம் மின் நிலையங்களை அமைத்தது. சிறியவைதான். ஆனால் பக்கத்தில் கிடைத்ததைப் பக்கத்திலேயே எரிப்பது நடக்கக்கூடிய காரியம் என்று காட்டியவை. டெல்டாவில் எரிவாயு எடுப்பதற்கு எதிராகப் பின்னாளில் எழுந்த போராட்டங்கள் இன்னொன்றையும் காட்டின. நிலத்தில் வாழ்பவரைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்குக் காகிதத்தில் எத்தனை ஆண்டு ஆயுள் இருந்தாலும் களத்தில் ஆயுள் குறைவு. இறுதியில் 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது.

லிட்டில் அந்தமானில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. தீவின் பூர்வகுடிகளான ஓங்கே மக்கள் இன்று நூற்றுச் சொச்சம் பேர்தான். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளும், நிக்கோபாரிகளும், தமிழர் உள்ளிட்ட பெருநிலத்தாரும் பின்னர் குடியேறினார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி ஹட் பேயைச் சூறையாடியது. மீண்டும் கட்டி எழுப்பிய ஊர் இது. 2021-ல் நிதி ஆயோக்கின் மாநகரக் கனவு ஒன்று இந்தத் தீவின்மீது வரையப்பட்டது வெளியே தெரிந்தபோது, காடும் கடலாமைகளும் ஓங்கேக்களும் என்னாவார்கள் என்ற கேள்வி எழுந்தது. எரிவாயு வந்தால் அதே கேள்வி இன்னும் உரக்க ஒலிக்கும்.

அப்படி ஒரு பத்திரம் எழுதும் நாள் வந்தால், டெல்லியில் பேனா எடுப்பவர்கள் நான்கு விஷயங்களை நினைவில் வைப்பது நல்லது. முதலாவது, கையெழுத்துப் போடுவது கிளை நிறுவனமானால் தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் கூடவே வரவேண்டும். இரண்டாவது, சரக்கு தவறினால் நஷ்ட ஈடு சந்தை விலையைப் பொறுத்து இருக்கவேண்டும். மூன்றாவது, எந்த ஒரு கிணற்றிலும் வாளிகள் முழுவதையும் கட்டக்கூடாது. சூரியனும் காற்றும் யாருடைய பத்திரத்திலும் இல்லை. டீசல் கப்பலுக்குக் காத்திருக்கும் தீவுக்கு அவற்றைவிட நெடுங்கால ஒப்பந்தம் கிடைக்காது. நான்காவது, வாயு எடுக்கும் கடலை ஒட்டிய தீவுகளுக்கு அதில் முதல் பங்கு என்று எழுத்தில் இருக்கவேண்டும். தானமாக அல்ல, உரிமையாக.

இத்தாலியரும் ரஷ்யரும் அரை நூற்றாண்டு கைகுலுக்கினார்கள். கை விலகியபோது முரானோவில் உலைகள் அணைந்தன. கெயிலின் பத்திரம் மடிந்தபோது உர ஆலைகள் வாயுவை அளந்து வாங்கின. கைகுலுக்கும் படங்களில் இவர்கள் யாரும் இல்லை. அந்தமான் கடலின் முதல் எரிவாயுப் பத்திரம் எழுதப்படும் நாளிலும் மேடையில் மலர்க்கொத்துகளுக்குப் பஞ்சம் இருக்காது. அன்று இரவு ஹட் பேயில் எரியும் விளக்குக்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டால் போதும். பத்திரம் யாருக்காக எழுதப்பட்டது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.